7 எப்போதும் 5-ஐ விடப் பெரியதல்ல



34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் இப்படி ஒரு தலைப்பு வைத்தால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் இது தொடங்குகிறது.

என் தங்கை மகன் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். மூன்று வருடத்துக்கு முன் எடிட்டிங் செய்ய கம்ப்யூட்டர் வாங்கப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்தான். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று புது ஐ5. இன்னொன்று ஐ7, யாரோ பயன்படுத்தியது, விலை 9 ஆயிரம் குறைவு. "மாமா, எதை எடுக்க?" என்றான். நான் யோசிக்கவே இல்லை. "ஏலே, 5 பெருசா, 7 பெருசா? விலையும் கம்மி. எடுத்துரு" என்றேன்.

அந்த ஐ7-இன் முழுப் பெயர் ஐ7-2600. 2011-ல் வந்தது. அவன் கேமராவோ எச்.265 முறையில் பதிவு செய்வது. அந்த முறையிலான வீடியோவைப் பிரித்துக் காட்டும் தனிப் பகுதி இன்டெல் பிராசஸர்களில் 6-ம் தலைமுறையில், 2015-ல்தான் வந்தது. ஆகவே எல்லா வேலையையும் அந்தப் பழைய பிராசஸர் தலையிலேயே போட வேண்டியிருந்தது. எடிட் செய்யும்போது ஒரு நிமிடக் காட்சி நான்கு இடத்தில் நின்று நின்று ஓடியது. வீடியோ கொடுக்கத் தாமதமாகி, ஒரு வீட்டார் பாக்கிப் பணத்தையே தரவில்லை. என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கை சொல்லித்தான் தெரிந்தது. (அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.)

பிராசஸரைக் குறை சொல்ல மாட்டேன். அதன் காலத்தில் அது நல்ல பிராசஸர். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரு வகுப்புக்குள் வாங்கிய ரேங்க் மாதிரி. 2011 வகுப்பின் முதல் ரேங்க்கை 2022 வகுப்பின் மூன்றாம் ரேங்க்கோடு ஒப்பிட முடியாது. 2022-ல் வந்த ஐ3-12100-லும் அதே 4 கோர், 8 திரெட்தான். ஆனால் பழைய ஐ7-ஐ அது எளிதாக முந்திவிடும். இந்தப் பெயர்களில் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 2600 என்றால் 2-ம் தலைமுறை, 12100 என்றால் 12-ம் தலைமுறை. கடைசியில் எஃப் இருந்தால் உள்ளேயே வரும் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு கட்டாயம். லேப்டாப்பில் யு இருந்தால் மின்சாரம் மிச்சம் பிடிப்பது, எச் இருந்தால் கனமான வேலைக்கானது.

அடுத்து பேரன் கதை. கல்லூரியில் சேர்ந்ததும் கேம் விளையாடவும், விளையாடியதை எடிட் செய்து ஏற்றவும் கம்ப்யூட்டர் கேட்டான். என் பென்ஷன் சேமிப்பில் 80 ஆயிரம் ஒதுக்கினேன். கடையில் கொடுத்த கொட்டேஷனில் ஐ7-14700கே, 20 கோர். ரேம் 8 ஜிபி. கிராபிக்ஸ் கார்டு? "அதைப் பிறகு போட்டுக்கலாம் சார்."

இந்த முறை எண்ணைப் பார்த்து மயங்கவில்லை. ஆனால் 20 கோர் என்றால் என்னதான் லாபம் என்று உட்கார்ந்து யோசித்தேன். அப்போதுதான் நான் உங்களுக்கெல்லாம் அரைக் கணக்குதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது.

'வேலையும் காலமும்' பாடம் நினைவிருக்கிறதா? 10 பேர் 12 நாளில் செய்யும் வேலையை 20 பேர் 6 நாளில் முடிப்பார்கள். வேலையை எத்தனை பங்காக வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டால்தான் அது சரி. கல்யாண வீட்டில் காய் நறுக்க 20 பேர் உட்காரலாம். உலையில் கிடக்கும் அரிசியை 20 பேர் நின்றாலும் சீக்கிரம் வேகவைக்க முடியாது. இதை 1967-லேயே ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் வல்லுநர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கோர் 60 நிமிடத்தில் முடிக்கும் வேலை என்று வையுங்கள். அதில் 12 நிமிட வேலையைப் பிரிக்கவே முடியாது. மீதி 48 நிமிடத்தைப் பங்கு போடலாம். 6 கோர் என்றால் 12 + 8 = 20 நிமிடம். 8 கோர் என்றால் 18. 16 கோர் என்றால் 15. கோர் இரட்டிப்பானது, மிச்சமானது 3 நிமிடம். எத்தனை கோர் போட்டாலும் 12-க்குக் கீழே இறங்காது.

கேம் பெரும்பாலும் உலை மாதிரி. சில கோர்கள் வேகமாக இருக்க வேண்டும், தேவையான தகவல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீடியோவை முடித்து வெளியே எடுப்பது பெரும்பாலும் காய் நறுக்குகிற வேலை. ஏஎம்டியின் இரண்டு பிராசஸர்களைப் பாருங்கள். ரைசன் 9 7950எக்ஸ் 16 கோர். ரைசன் 7 7800எக்ஸ்3டி 8 கோர்தான், ஆனால் கேஷ் நினைவகம் 96 எம்பி. பெரும்பாலான கேம்களில் 8 கோர் முந்துகிறது. ரெண்டரிங்கில் 16 கோர் வெகுதூரம் முந்துகிறது. இதில் எது சிறந்தது என்று கேட்டால், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான விடை.

இரண்டு வேலையும் செய்கிற, கையில் அளவான பணம் உள்ள பிள்ளைக்கு என் கருத்து இது: புதிய தலைமுறையில் 6 கோர் அல்லது 8 கோர் போதும். மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டு, குறைந்தது 16 ஜிபி ரேம், நல்ல எஸ்எஸ்டி ஆகியவற்றில் போடுங்கள். கேமில் படத்தை வரைவது கார்டுதான். 4கே-யில் விளையாடினால் சுமை முழுக்க அதன் மேல்தான். எடிட்டிங்கிலும் பல எஃபெக்டுகளையும் கடைசி எக்ஸ்போர்ட்டையும் அதுவே சுமக்கும். நாள் முழுக்க ரெண்டரிங் செய்து பிழைப்பவர்களுக்கு மட்டும் கூடுதல் கோருக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வரும்.

"எதிர்காலத்துக்கும் சேர்த்துப் பெருசா வாங்கிரணும் மச்சான்" என்று சொல்லும் உறவுகளுக்கு ஒன்று. எதிர்காலத்தை மதர்போர்டில் வாங்குங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது. 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யும் அதே சாக்கெட்தான். பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு அதைப் பொருத்த முடிந்தது.

கடைசியில் பேரனுக்கு ரைசன் 5 7600, 6 கோர், ஏஎம்5 போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்கினோம். அதே 80 ஆயிரத்துக்குள் முடிந்தது. தங்கை மகனுக்கும் போன தீபாவளிக்குப் புதுசு வாங்கியாயிற்று. பாதிப் பணம் நான் கொடுத்தேன். "எதுக்கு மாமா?" என்றான். 9 ஆயிரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் நான்தானே.

இந்தத் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து ஒரு பிள்ளை போன் செய்து எந்தக் கம்ப்யூட்டர் வாங்க என்று கேட்டால், ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைக்காதீர்கள். என்ன வேலைக்கு, என்ன கேமரா, எவ்வளவு பணம் என்று கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும். பல வீடுகளில் அது நகையை அடகு வைத்த பணம்.

நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இந்தப் பாடத்தில் நான்தான் மாணவன்.