சரக்கை மாற்றலாம், வாடிக்கையை விடலாகாது

கொள்முதல் இடத்தை மாற்றும்போது நாம் முதலில் பார்ப்பது விலையை. பழைய வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

ஆப்பிள் நிறுவனம் 2006 முதல் தன் மேக் கணினிகளுக்கு இன்டெல் சில்லுகளை வாங்கி வந்தது. 2020 நவம்பரில் எம்1 என்ற சொந்தச் சில்லுடன் மடிக்கணினிகளை இறக்கியது. இன்டெலுக்கென எழுதிய புரோகிராம்கள் அதற்கு நேராகப் புரியா. ஆகவே ரொசெட்டா 2 என்னும் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டையும் கூடவே கொடுத்தது. இன்டெல் மேக்குகளையும் உடனே நிறுத்தவில்லை; கடைசி வகை 2023 வரை விற்பனையில் இருந்தது. ஆயினும் ஒரு குறை. விண்டோஸை நேரடியாக ஏற்றி இயக்கும் பழைய வசதி புதியவற்றில் இல்லை.

பில் போடும் புரோகிராம்கள் பல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. எனவே கடைக்கு எந்தக் கணினி வாங்கினாலும், நம் பழைய கணக்கை அதில் ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுப்போம்.

நம் வியாபாரத்துக்கும் இதுவே பாடம். எண்ணெய் மில்லை மாற்றினால், பழைய எண்ணெயையும் சில மாதம் பக்கத்திலேயே வைத்திருப்போம். வாடிக்கையாளர் ருசி பார்த்துப் பழகட்டும். அவசரப்பட்டால் கொள்முதலில் மிச்சம் பிடித்ததை விற்பனையில் இழப்போம்.