வாயைத் திறங்கள், பேசாதீர்கள்!

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் பிறக்கும் முதல் கட்டளை, ‘வாயைத் திறங்கள்’ என்பது. அதற்கப்புறம் பேச முடியாது! திண்டுக்கல்லில் பல் வைத்தியம் பற்றி என் காதில் விழும் புகார்களெல்லாம் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்ததும், ஒரு பல்லுக்குப் போனால் மூன்று பல்லுக்குக் கணக்கு எழுதியதும்தான். நியாயமான புகார்கள். பணமும் பொழுதும் போனால் போகட்டும், உயிர்?

வாணியம்பாடியில் 2023-இல் நடந்ததை மறந்துவிட்டோமா? ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ். எட்டுப் பேர் மாண்டார்கள். 2025-இல் வெளியான ஆய்வு சொல்லும் காரணம் வெட்கக்கேடு. சுத்தம் செய்யாத பல் கருவியால் ஸலைன் பாட்டிலைத் திறந்து, அரைகுறையாக மூடி வைத்து, அதையே மறுபடியும் உபயோகித்திருக்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் கிடக்கும் கிருமிக்கு இதைவிட ராஜபாட்டை வேண்டுமா?

ஆட்டோகிளேவ் என்பது பிரம்ம வித்தை அல்ல. பிரஷர் குக்கரின் பங்காளி. 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் – நம் வீட்டு இட்லி வேகிற நேரம்! ஆனால், “கருவியை அதில் வைத்தீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “நீங்கள் டாக்டரா, நான் டாக்டரா?” என்று சீறுகிறவர்கள் உண்டு. கேட்காமலே, நம் கண் முன்னால் உறையைக் கிழித்துக் கருவியை எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் நமஸ்காரம்.

பூட்டை நாலு தடவை பூட்டித் திறந்து பார்த்து வாங்குகிற ஊர் இது. வாயைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? கேட்டால் கோபிக்கிற டாக்டரிடம் நான் பல்லைக் காட்டுவதாக இல்லை.