சகோதரித்துவத்தின் வாயிற்காவல்: அமெரிக்க மாணவியர் சங்கங்களும் அகமணமும்

2006ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள டிபாவ் பல்கலைக்கழகத்தில், டெல்டா ஸீட்டா என்னும் மாணவியர் சங்கத்தின் தேசியத் தலைமை தன் கிளை உறுப்பினர்களுள் 23 பேரைச் சங்க இல்லத்திலிருந்து வெளியேறும்படி பணித்தது. புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதில் அவர்களுக்குப் போதிய ஈடுபாடு இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். வெளியேற்றப்பட்டவர்கள் யார் என்பதை 2007 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உடல் பருத்த மாணவியர் அனைவரும் அப்பட்டியலில் இருந்தனர். கிளையின் ஒரே கறுப்பின மாணவியும், ஒரே கொரிய மாணவியும், ஒரே வியட்நாமிய மாணவியும் இருந்தனர். தங்க அனுமதிக்கப்பட்ட 12 பேர் மெலிந்தவர்கள்; மாணவர் சங்கத்து ஆண்களிடையே செல்வாக்கு உடையவர்கள். அவர்களிலும் 6 பேர் இந்த அநீதி பொறுக்காமல் தாமாகவே விலகினர்.

இதே வளாகத்தில்தான் 1870இல், ஆண்கள் தம் சங்கங்களில் பெண்களுக்கு இடமளிக்காத நிலையில், கப்பா ஆல்ஃபா தீட்டா என்னும் மாணவியர் சங்கம் தோன்றியது. ‘சொராரிட்டி’ என்று அழைக்கப்படும் இவ்வமைப்புகள் ஆண்களால் விலக்கப்பட்ட பெண்களின் தேவையிலிருந்து பிறந்தவை என்பதை நாம் மறுக்கவில்லை. பெண்கள் தமக்கென ஓர் இடம் கேட்பது நியாயமே. அந்த இடத்தின் வாயிலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

உறுப்பினர் சேர்க்கை நடைபெறும் முறையைக் காண்போம். கல்வியாண்டின் தொடக்கத்தில் முதலாண்டு மாணவியர் பல நாட்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆடை, சில நிமிட உரையாடல், ஒரு புன்னகை. அவர்கள் சென்றபின் உறுப்பினர்கள் மூடிய கதவுக்குள் மதிப்பிடுகின்றனர். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. இச்சங்கங்களின் இல்லங்கள் பெரும்பாலானவற்றில் மது அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே விருந்துகள் ஆண்களின் சங்க வீடுகளில் நடைபெறுகின்றன. அங்கே கதவும் மதுவும் ஆண்களின் கையில். எந்தச் சங்கத்தை விருந்துக்கு அழைப்பது என்பதை ஆண்கள் முடிவுசெய்யும்போது, அவர்களுக்குப் பிடித்த தோற்றமே பெண்கள் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாகிவிடுகிறது.

இனம் இதில் எப்படிச் செயல்படுகிறது என்பதை அலபாமா பல்கலைக்கழகம் காட்டியது. 1963 ஜூன் 11 அன்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் இரு கறுப்பின மாணவர்களைத் தடுக்க வாயிலில் நின்ற அதே பல்கலைக்கழகம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பரில், மாணவர் நாளேடான கிரிம்சன் வைட் ஒரு செய்தியை வெளியிட்டது. சிறந்த மதிப்பெண்களும் குடும்பச் செல்வாக்கும் உடைய ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சங்கங்கள் ஒன்றுகூட ஏற்கவில்லை. இளம் உறுப்பினர்கள் சிலர் அவரைச் சேர்க்கவே விரும்பினர். தடுத்தவர்கள் முன்னாள் உறுப்பினர்களான மூத்த பெண்கள். இதை வெளிப்படையாகச் சொன்னவர்களும் அந்த இளம் பெண்களே. எதிர்ப்பு வலுத்தபின் பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்க உத்தரவிட்டார். கறுப்பின மாணவியர் சிலர் உள்ளே வந்தனர்.

மூத்தோருக்கு ஏன் இத்தனை பதற்றம்? ஜான் ஃபின்லி ஸ்காட் என்னும் சமூகவியலாளர் 1965இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விடை தருகிறது. பெற்றோரின் கண்காணிப்பிலிருந்து விலகும் வயதில் மகள் தகுதி குறைந்தவனை மணந்துவிடாமல், வர்க்கத்துக்குள்ளும் இனத்துக்குள்ளும் மணவுறவைக் காப்பதே இச்சங்கங்களின் பணி என்றார் அவர். இதைப் படிக்கும் நமக்கு 1916 நினைவுக்கு வராமல் இருக்குமா? அமெரிக்காவிலேயே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அகமணமே சாதியின் சாரம் என்றும் அதைக் காக்கவே பெண்மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன என்றும் அம்பேத்கர் தம் கட்டுரையில் நிறுவியிருந்தார். நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆயினும் பெண்ணைக் கொண்டே பெண்ணுக்கு வேலியிடும் நுட்பம் இரண்டுக்கும் பொது.

காரணம் கூறாத மறுப்பும் நமக்குப் புதிதன்று. பேராசிரியர் பணிக்கான இடஒதுக்கீட்டு நேர்காணலில் ‘தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை’ என்று கோப்பை மூடிவிடுகிறார்கள் அல்லவா, அதன் மறுபதிப்பே இது. பாகுபாடு நடந்ததென நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க ஒரு தாளும் மிஞ்சாது. தனியார் அமைப்பின் கூடும் உரிமை என்ற கேடயமும் இருக்கிறது. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சியரல்லாதவரைச் சேர்க்க மறுக்கலாம் என 2005இல் நம் உச்ச நீதிமன்றமும் அதே கேடயத்தை நீட்டியது.

பெண்ணிய இயக்கமும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண் வாக்குரிமைப் பேரணி நடந்தது. அதில் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். ஐடா பி. வெல்ஸ் மறுத்து, இல்லினாய் மாநில அணியோடு சேர்ந்து நடந்தார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டில்தான் உருவான கறுப்பின மாணவியர் சங்கமான டெல்டா சிக்மா தீட்டாவும் அப்பேரணியில் நடந்தது. கறுப்பினச் சங்கங்கள்மீதும் புதியவர்களைத் துன்புறுத்துவதாகப் புகார்கள் உண்டு. அவற்றை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் விலக்கப்பட்டவர்கள் கூடுவதையும் விலக்குவதற்காகக் கூடுவதையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது.

சட்டம் என்ன செய்கிறது? கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்பிலிருந்து, 1974இல் இச்சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு விலக்களிக்கப்பட்டது. இது பாலினம் குறித்த விலக்கு மட்டுமே. இனப் பாகுபாட்டுக்கு உரிமம் அன்று. ஒருபால் சங்கங்களில் சேரும் மாணவர்களுக்குத் தலைமைப் பொறுப்புகள் இல்லையென ஹார்வர்டு 2016இல் அறிவித்தபோது, சங்கங்கள் 2018இல் வழக்குத் தொடுத்தன. எந்தச் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார்களோ, அதே ஒன்பதாம் தலைப்பின் பாதுகாப்பை வேண்டினர். 2020இல் ஹார்வர்டு அக்கொள்கையைக் கைவிட்டது. இதில் பெண்ணியம் வழக்குரைஞரின் வாதமாக மட்டுமே எஞ்சியது என்பது நம் கருத்து.

பல்கலைக்கழகங்களின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதும் உண்மையன்று. டிபாவ் நிர்வாகம் 2007 மார்ச்சில் டெல்டா ஸீட்டாவுடனான உறவை முறித்தது. அங்கீகாரமும் வளாக நிலமும் கொடுக்கும் நிறுவனம் நிபந்தனையும் விதிக்கலாம்: விண்ணப்பித்தோர் எத்தனை பேர், ஏற்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதை இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், முன்னாள் உறுப்பினர்களுக்குத் தேர்வில் தலையிட உரிமை கூடாது, மறுப்புக்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.