பொற்காசின் மிகைவிலையும் கிடைப்பிடச் சான்றும்

முன்னுரை

பழம்பொற்காசு ஒன்றினை வாங்குவோர் அதன் பொன்னுக்கு ஒரு விலையும் பழமைக்கு மற்றொரு விலையும் தருகின்றனர். முன்னதை எடையும் அன்றாடச் சந்தையும் முடிவு செய்கின்றன. பின்னதை முடிவு செய்வது காசோடு சேர்த்துச் சொல்லப்படும் வரலாறு. பொன்னின் எடைவிலைக்கு மேல் வரலாற்றின் பெயரால் தரப்படும் தொகையை இக்கட்டுரை மிகைவிலை எனக் குறிக்கிறது. அதனைத் தருவது தகுமா என்னும் வினா, காசு சேர்ப்போரின் சொந்தக் கணக்காகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. தமிழக வரலாற்றாய்வைப் பொறுத்தவரை அஃது அவ்வளவில் நிற்பதன்று. மிகைவிலை எதற்காக, யாருக்குத் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தே, மண்ணிலிருந்து வெளிப்படும் காசுக்குவியல் சான்றாக நிலைபெறுவதும் உலையில் உருகி மறைவதும் அமைகின்றன.

ஆவணமே விலையாதல்

மிகைவிலையின் இயல்பை விளக்க, அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டு இருபது டாலர் பொற்காசு தக்க எடுத்துக்காட்டாகும். அதில் ஓர் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான பொன்னே உள்ளது. அவ்வாண்டில் பொற்காசுப் புழக்கம் நிறுத்தப்பட்டமையால், அச்சிடப்பட்ட காசுகள் வெளியிடப்படாமல் உருக்கப்பட்டன. எனினும் சில காசுகள் நாணயச்சாலையை விட்டு வெளியேறின. எகிப்து மன்னர் பாரூக்கிற்காக 1944இல் வழங்கப்பட்ட ஏற்றுமதி உரிமத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு காசுக்கு மட்டும் தனியார் உடைமையாக இருக்கச் சட்ட ஏற்பு கிடைத்தது. அது 2002இல் ஏறத்தாழ 76 இலட்சம் டாலருக்கும், 2021இல் ஏறத்தாழ 189 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயிற்று. பின்னர் வெளிப்பட்ட அதே வகைக் காசுகள் பத்தும் அரசுக்கே உரியவை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொன்னிலும் அச்சிலும் இக்காசுகளிடையே வேறுபாடு இல்லை. ஒன்றற்கு ஆவணம் இருந்தது, பிறவற்றிற்கு இல்லை. ஆகவே மிகைவிலை எனப்படுவது பொருளின் விலையன்று, ஆவணத்தின் விலை என்பது தெளிவாகிறது.

உடைமை வரலாறும் கிடைப்பிட வரலாறும்

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வரையறுத்தல் வேண்டும். ஒரு காசு யார் யார் கைகளில் இருந்தது என்பது உடைமை வரலாறு. அஃது எந்த மண்ணில், எவ்வடுக்கில், எப்பொருள்களோடு கிடைத்தது என்பது கிடைப்பிட வரலாறு. சந்தை பெரும்பாலும் முன்னதற்கே விலை தருகிறது. ஆய்வுக்கு இன்றியமையாதது பின்னதே.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிப்பட்ட உரோமானியப் பொற்காசுக் குவியல் இதனை மெய்ப்பிக்கும். அதில் 501 காசுகள் இருந்தன. அவற்றை ஜி. எப். ஹில் அதே ஆண்டில் இலண்டன் நாணயவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அக்காசுகளுள் மிகப்பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவின் குறுக்கே வெட்டு விழுந்துள்ளது. காசினைப் புழக்கத்திலிருந்து விலக்குவதற்காக வெட்டினர் என்பது ஒரு கருத்து. உள்ளே இருப்பது பொன்தானா எனச் சோதித்தனர் என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், உரோமின் காசு இங்கு எவ்வகைப் பொருளாக ஏற்கப்பட்டது என்னும் வினாவிற்கு அவ்வெட்டே முதன்மைச் சான்று. யவனர் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் தருகிறது. வந்த பொன் கரையேறிய பின் என்னவாயிற்று என்பதை இத்தகைய குவியல்களே கூற இயலும்.

சந்தையிலோ வெட்டுப்பட்ட காசு பழுதுற்ற காசாகும். துளையிட்டு அணிகலனாக்கப்பட்ட காசும் அவ்வாறே மதிப்புக் குறைக்கப்படும். தேய்வின்றி, வடுவின்றி உள்ள காசே மிகைவிலை பெறும். தமிழ் நிலத்தில் அக்காசு வாழ்ந்த வாழ்வின் அடையாளங்கள் அனைத்தும் விலைக்குறைப்புக்குக் காரணங்களாகின்றன. வரலாற்றின் பெயரால் பெறப்படும் தொகை, வரலாற்றுத் தடயத்திற்கே எதிராக நிற்கும் முரண் இது.

மேலும், அந்த 501 காசுகளும் ஒரே குவியலாகப் பதிவு பெற்றமையாலேயே வெட்டுப்பட்டவற்றையும் படாதவற்றையும் ஒப்பிட முடிகிறது. வெஸ்பேசியன் காலக் காசே அதில் இறுதியானது என்பதால், குவியல் அதற்குப் பின்னரே புதைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்றும் உய்த்துணரலாம். அவை தனித்தனியே விற்கப்பட்டிருப்பின், எஞ்சுவன 501 அழகிய பொருள்களே; ஒரு சான்றும் எஞ்சியிராது.

சட்டம் வகுத்த ஐந்தில் ஒன்று

இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதும், மறைப்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்பதும் அதன் விதிகள். அச்சட்டத்தின் மூல வாசகத்தில் 16ஆம் பிரிவு கருதத்தக்கது. அரசு அப்புதையலைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், உரியவர்களுக்கு அப்பொருளின் உலோக மதிப்பையும், அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தருதல் வேண்டும் என அது கூறுகிறது. அதாவது வரலாற்றிற்கென இச்சட்டம் வகுத்த மிகைவிலை நூற்றுக்கு இருபது. அரிய பொற்காசு ஒன்றிற்குச் சந்தை தருவதோ பொன்விலையின் பன்மடங்கு. நேர்மையாக அறிவிப்பவர் இழப்புக்கு உள்ளாவதும், மறைத்து விற்பவர் ஆதாயம் பெறுவதும் இவ்விடைவெளியின் விளைவுகள். அஞ்சி உருக்குபவரும் பொன்விலையை முழுமையாகப் பெற்றுவிடுகிறார். காசு மட்டும் அழிகிறது.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அருங்காட்சியகம் பெற விரும்பும் புதையலுக்குச் சந்தை மதிப்பைத் தனிக்குழு ஒன்று பரிந்துரைக்கிறது. அதற்கேற்ற வெகுமதி வழங்கப்படுகிறது. முறைகேடாக நடந்தவருக்கு வெகுமதி குறைக்கப்படும், அல்லது மறுக்கப்படும். அதனுடன் இயங்கும் பதிவுத் திட்டத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் கிடைப்பிடத்தோடு பதிவு பெற்றுள்ளன.

மறுப்புகள்

இக்கருத்திற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். பெருந்தொகை வெகுமதி புதையல் வேட்டையைத் தூண்டும் என்பது முதலாவது. தற்செயலாகக் கிடைத்து, கலைக்கப்படாமல் அறிவிக்கப்பட்டவற்றிற்கே முழு வெகுமதி என வரையறுத்தால் இவ்வச்சம் பெரிதும் நீங்கும். தனியார் வாங்கியமையாலன்றோ பல காசுகள் பிழைத்தன என்பது இரண்டாவது. இது புறந்தள்ளத் தக்கதன்று. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகள் பல, சேகரிப்போர் வழியாகவே ஆய்வுலகை எட்டின. பெருவழுதி என எழுத்துப் பொறித்த பாண்டியர் காசை அறிமுகப்படுத்திய இரா. கிருஷ்ணமூர்த்தியின் பணியும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. ஆயின் அப்பணியின் பயன் வாங்கியதில் மட்டும் இல்லை. பதிந்து வெளியிட்டதில் உள்ளது.

ஆவணமற்ற கதைக்கு விலை தருவதோ இவ்விரண்டிற்கும் புறம்பானது. கதைக்கு விலை உண்டெனில் கதைகள் பெருகும். எங்கோ வாங்கிய உரோமானியக் காசு கரூர்க் காசாக விற்கப்படும்போது, வாங்குபவர் பணத்தை இழக்கிறார். ஆய்வோ பொய்ச்சான்று ஒன்றைப் பெறுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும். உரிமமின்றி அதனை விற்கும் தொழில் நடத்துவதும், தனியார் அதனை ஏற்றுமதி செய்வதும் தடை செய்யப்பட்டவை என்பதையும் வாங்குவோர் எண்ணுதல் வேண்டும்.

முடிவுரை

வரலாற்றுப் பின்புலமுள்ள பொற்காசிற்கு மிகைவிலை தரலாம். ஆனால் அதற்குரிய ஆவணம் கையில் இருத்தல் வேண்டும். விற்பவரின் சொல் ஒன்றையே சான்றாகக் கொண்ட காசினை வாங்க நேரின், பொன்னின் விலைக்கும் அச்சின் அருமைக்கும் மேல் எதுவும் தரத் தேவையில்லை. ஆவணம் உள்ளவிடத்தும் வெட்டினையும் துளையினையும் குறையாகக் கொள்ளாத மதிப்பீட்டு முறை உருவாதல் நன்று. இவை வாங்குவோர் செய்யத்தக்கவை.

அரசு செய்யத்தக்கது இதனினும் முதன்மையானது. ஏரி தூர்வாரும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ காசுக்குவியலை முதலில் காண்பவர் பெரும்பாலும் கூலித்தொழிலாளரே. கிடைத்த இடத்தை அறிந்தவரும் அவர் ஒருவரே. மிகைவிலையின் பெரும்பகுதி இன்று அவருக்குப் பின் வரும் இடைத்தரகர்களைச் சேர்கிறது. அது முதற்கண் அவரைச் சேருமாறு சட்டம் திருத்தப்படின், மண்வெட்டியை நிறுத்திவிட்டு அவர் அறிவிப்பதற்கு அச்சத்தைவிட வலிய காரணம் ஒன்று இருக்கும்.