கிளவுடில் இருக்கும் படங்கள் சி டிரைவை அடைப்பது ஏன்? பத்திரமாக இடம் மாற்றுவது எப்படி?

சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. 'படங்கள் எல்லாம் கிளவுடில்தானே இருக்கு, கணினியில் இருப்பதை அழிச்சிடலாமே' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். சிங்க் செய்யப்படும் ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால், அது கிளவுடிலும் அழியும். உங்கள் போனிலிருந்தும் காணாமல் போகலாம்.

இந்தச் சிக்கலில் இப்போது பலர் மாட்டுவதற்கு ஒரு பின்னணி உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. கூடுதலாக ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் வேண்டுமா? 30 டாலர் கட்டலாம். அல்லது கணினியின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்து இலவசமாகப் பெறலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு இந்த பேக்கப் நிபந்தனை தளர்த்தப்பட்டது. இந்தியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. செட்டிங்ஸை மட்டும் சேமித்தால் போதும்தான். ஆனால் அதே விண்டோஸ் பேக்கப் செயலியில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்கும் ஒரு பட்டன் இருக்கிறது. அது ஆனில் இருந்தால், உங்கள் படங்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும்.

ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி. ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,250 படங்கள். ஒரு கல்யாணத்துக்கே பத்தாது! அது நிரம்பினால் காசு கட்டச் சொல்லும். ஒன்டிரைவ் ஃபோல்டரின் வழக்கமான இடமோ சி டிரைவ். அதாவது, அங்கேயும் நெரிசல், இங்கேயும் நெரிசல்.

சரி, டி டிரைவுக்கு மாற்றுவது எப்படி?

ஃபோல்டருக்குள் இருக்கும் படங்களை அப்படியே கட் செய்து வேறு இடத்தில் பேஸ்ட் செய்யாதீர்கள். படம் ஃபோல்டரை விட்டு வெளியே போனால், நீங்கள் அழித்துவிட்டதாகவே ஒன்டிரைவ் எடுத்துக்கொள்ளும்; கிளவுட் பிரதியையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும். தனிநபர் கணக்கில் அந்தத் தொட்டி 30 நாட்கள்தான் தாங்கும்.

முதலில் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பிக்சர்ஸ் பேக்கப் ஆனில் இருந்தால் அதை நிறுத்துங்கள். (நிறுத்தியதும் பிக்சர்ஸ் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பாருங்கள்.) பிறகு டாஸ்க்பாரில் உள்ள மேக ஐகான், செட்டிங்ஸ், அக்கவுன்ட் என்று போய் 'அன்லிங்க் திஸ் பிசி' கொடுங்கள். இதனால் கிளவுடில் எதுவும் அழியாது. இப்போது ஒன்டிரைவ் ஃபோல்டரை மொத்தமாக டி டிரைவுக்கு நகர்த்திவிட்டு, மறுபடி லாகின் செய்யுங்கள். 'சேஞ்ச் லொகேஷன்' என்று ஒரு வாய்ப்பு வரும். பலர் அதைக் கவனிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்திவிடுகிறார்கள். அப்போது எல்லாம் மறுபடி சி டிரைவிலேயே இறங்கத் தொடங்கும். அங்கே, நகர்த்திய ஃபோல்டரைக் காட்டுங்கள். எக்ஸ்டர்னல் டிரைவைத் தவிர்ப்பது நல்லது. கழற்றிய நிமிடமே ஃபோல்டரைக் காணோம் என்று சிங்க் நின்றுவிடும்.

கூகுள் டிரைவில் வேலை எளிது. 'மிரர்' முறையில் ஃபோல்டரின் இடத்தையும், 'ஸ்ட்ரீம்' முறையில் கேஷ் ஃபோல்டரின் இடத்தையும் செட்டிங்ஸிலேயே மாற்றலாம். ஆனால், கிளவுடுக்கு இன்னும் போய்ச் சேராத ஃபைல்களும் அந்தக் கேஷில்தான் காத்திருக்கும். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலியில் ஃபைல்கள் காணாமல் போனதாகப் பலர் புகார் சொன்னபோது, கணக்கைத் துண்டிக்க வேண்டாம், செயலியின் டேட்டா ஃபோல்டரைத் தொட வேண்டாம் என்றுதான் கூகுள் முதலில் எச்சரித்தது. எனவே அப்லோட் முழுதாக முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

இன்னொரு விஷயம். பல மடிக்கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள்தான். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் மாதிரி திரும்ப எடுக்க முடியாதவற்றை, சிங்க்குடன் தொடர்பே இல்லாத தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு 'அன்லிங்க்' பட்டனுக்குப் போங்கள்.