கணிப்பொறிக் கோப்பு கெட்டுப் போனால்...

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போனால் சிறுசேரி வரும். சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவின் உயர்ந்த கட்டடங்களும், 2005 முதல் சென்னை கணிதவியல் கழகத்தின் வளாகமும் அங்கே இருக்கின்றன. இத்தகைய ஊருக்குப் பக்கத்திலேயே, பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய கணிப்பொறியில் கணக்கெழுதும் கடைகளும் பள்ளிகளும் இருக்கக் கூடும். அதில் வியப்பில்லை. ஓடுகிற பொறியை யார் தூக்கி எறிவார்கள்?

உங்கள் பள்ளியில் ஐந்தாண்டுகளாக நாள்தோறும் மழையளவைக் குறித்து வந்த எக்செல் கோப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சேமிக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. மறுநாள் ‘இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்கிறது கணிப்பொறி. ஐந்தாண்டு உழைப்பு போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள, கோப்பின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

2007ஆம் ஆண்டு எக்செலிலிருந்து வழக்கத்திற்கு வந்த ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ கோப்பு, உண்மையில் ஒரே கோப்பு அன்று. பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ‘ஜிப்’ மூட்டை. கட்டங்களில் உள்ள எண்கள் ஒன்றில், சொற்கள் மற்றொன்றில், நிறமும் எழுத்தளவும் வேறொன்றில் என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கும். எல்லாம் மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகள்தாம்.

இந்த மூட்டையின் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது. ஆகவே வால் பகுதி அறுந்தால் கணிப்பொறி திகைத்துப் போகிறது. ஆனால் ஒவ்வொரு சிறு கோப்பின் தலைப்பிலும் அதன் பெயர் தனியாகப் பொறிக்கப்பட்டுள்ளது. பின்னட்டையோடு பொருளடக்கம் கிழிந்துபோன புத்தகத்தில், பக்கங்களைப் புரட்டி அத்தியாயத் தலைப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லையா? பழுது பார்க்கும் நிரல்களும் அதையே செய்கின்றன. மேலும், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. மளிகைக் கடைக்காரர் பக்கத்தின் அடியில் எழுதும் கூட்டுத்தொகையைப் போல, உள்ளே ஏதேனும் மாறியிருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும்.

அதற்கு முந்திய ‘எக்ஸ்எல்எஸ்’ கோப்பு வேறு வகை. அது பொதுவாக 512 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று கூறும் அட்டவணை ஒன்று உண்டு. அது கெட்டால், பக்க எண் இல்லாத தாள்கள் காற்றில் பறந்த கதைதான். அதைவிடப் பெரிய தொல்லையும் ஒன்று இருந்தது. அந்த அமைப்பின் முழு விளக்கத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2008ஆம் ஆண்டில்தான் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. அதற்கு முன்பு, பிற நிரலாளர்கள் பெரும்பாலும் கோப்புகளைத் துருவித் துருவியே அதன் இலக்கணத்தைக் கண்டறிய வேண்டியிருந்தது.

சிறுசேரிக்குத் தெற்கே மாமல்லபுரம் இருக்கிறதல்லவா? அங்கே கணேச ரதத்தில் பல்லவர் காலத்து வடமொழிக் கல்வெட்டு உள்ளது. கல் கெடவில்லை, எழுத்தும் தேயவில்லை. ஆயினும் அந்தப் பல்லவ கிரந்த எழுத்தைப் படிப்பவர் இல்லாமற் போயினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாபிங்டன் போன்ற ஆய்வாளர்கள் முயன்று படித்த பிறகே அது மீண்டும் பேசத் தொடங்கியது. பொருள் நிலைத்திருப்பது மட்டும் போதாது; அதைப் படிக்கும் முறையும் நிலைத்திருக்க வேண்டும்.

தமிழுக்கே இந்த இடர் நேர்ந்ததுண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. கோப்பு நலமாகவே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியிலோ பொருளற்ற குறிகளே தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பொதுத் தரத்துக்கு வழி தேடியது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது.

பழைய அமைப்பைத் தெரியாமல் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. பழைய எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிசைகளே கொள்ளும். 2020ஆம் ஆண்டு கொரோனா பரிசோதனை முடிவுகளை அத்தகைய கோப்புகளில் ஏற்றியபோது, எல்லையைத் தாண்டிய வரிசைகள் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமாயிற்று. திறக்க மறுக்கும் கோப்பாவது நம்மை எச்சரிக்கிறது. ஒழுங்காகத் திறந்து, பாதியை விழுங்கிவிட்டு மௌனமாக இருக்கும் கோப்பே அதிக ஆபத்தானது!

ஆகவே கெட்ட கோப்பைக் கண்டால் பதற வேண்டாம். முதலில் ஒரு பிரதி எடுங்கள். சோதனை எல்லாம் பிரதியில்தான், மூலத்தைத் தொடாதீர்கள். லிப்ரே ஆபிஸ் போன்ற இலவச நிரலில் திறந்து பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால், பிரதியின் பெயரில் கடைசிப் பகுதியை ‘ஜிப்’ என்று மாற்றி உள்ளே பாருங்கள். மீட்டபின், வரிசைகளை எண்ணி, கூட்டுத்தொகையைப் பழைய காகிதக் குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒப்பிடாத மீட்பு மீட்பாகாது.

‘இப்போதுதான் எல்லாம் இணையத்திலேயே சேமிக்கப்படுகிறதே, இந்தக் கவலை எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். இணையச் சேமிப்பும் எங்கோ இருக்கும் இன்னொருவருடைய கணிப்பொறிதான். கோப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்த எழுத்தில் இருக்கிறது என்பதே நீண்ட காலக் கேள்வி. திறந்த ஆவண அமைப்பு 2006இலேயே உலகத் தரமாயிற்று. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் சார்ந்த தரமும் 2008இல் ஏற்கப்பட்டது. மின்னாளுகையில் திறந்த தரங்களைக் கையாளும் கொள்கையை இந்திய அரசு 2010இல் வெளியிட்டது. வழி இருக்கிறது, பழக்கம்தான் வர வேண்டும்.

என் கருத்து இதுதான். பொதுமக்களுக்கு உரிய எந்தக் கணக்கும், பள்ளியின் மழைக் குறிப்பாயினும் ஊராட்சியின் வரிப் பதிவாயினும், இலக்கணம் வெளிப்படையாக உள்ள கோப்பிலேயே இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதன் எண்களைக் காற்புள்ளியிட்ட வெறும் எழுத்துக் கோப்பாகவும் யூனிகோடில் எடுத்து வைக்க வேண்டும். அதில் சூத்திரங்களும் வண்ணங்களும் போய்விடும், எண்கள் நிற்கும். பள்ளிகளும் பொத்தானை அழுத்தக் கற்றுத் தருவதோடு நில்லாமல், கோப்பின் உள்ளே பார்க்கவும் கற்றுத்தர வேண்டும்.

இன்று நீங்கள் குறிக்கும் மழையளவு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கடற்கரையின் பருவமழை எப்படி மாறியது என்று ஆராய்பவருக்குத் தேவைப்படலாம். அவர் அதைப் படிக்க முடியுமா, முடியாதா என்பது இன்று நீங்கள் சேமிக்கும் முறையில் இருக்கிறது. உங்கள் பள்ளியின் பழைய கோப்பு ஒன்றை இந்த வாரமே திறந்து பாருங்களேன்!