அமைதி தங்கும் இல்லம்

 

காலை ஆறரை மணி. மூத்தவனுக்கு ஒரு காலுறையைக் காணவில்லை. இளையவளுக்குக் கணிதக் கொப்பியைக் காணவில்லை. குசினியில் பால் பொங்கி வழிகின்றது. பாடசாலை வேன் வாசலில் நின்று ஹோர்ன் அடிக்கின்றது. வாப்பா ஒரு பக்கம் சத்தமிட, உம்மா மறுபக்கம் சத்தமிட, ஒரு பிள்ளை அழுதுகொண்டே வெளியேறுகின்றது.

இதனைப் பிறர் வீட்டுக் கதையாகக் கூறவில்லை. கணவன், மனைவி இருவருமே ஆசிரியர்களாகவுள்ள எமது வீட்டிலும் இதுவே நாளாந்தம் நடந்தது. ஒருநாள் காலுறைக்காக நான் ஏசியபோது மகள் கேட்டாள்: "வாப்பா, நீங்க மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் ஏசுவீங்களா?" மிம்பரில் பொறுமையைப் பற்றிப் பேசும் எனது நாவுக்கு அன்று பதில் வரவில்லை.

ஸூரத்துன் நஹ்லின் 80ஆம் வசனத்திலே, நமது வீடுகளை நமக்கு 'ஸகன்' ஆக ஆக்கியிருப்பதை அல்லாஹ் தனது அருட்கொடைகளில் ஒன்றாக எடுத்துக் காட்டுகின்றான். அசைவு அடங்கி அமைதியுறுவதே இச்சொல்லின் மூலக் கருத்தாகும். குடியிருப்பைக் குறிக்கும் 'மஸ்கன்', உள்ளத்தில் இறங்கும் 'ஸகீனத்' இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவை. சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் எழுத்தின் மேல் நாம் பார்த்து ஓதிய 'ஸுகூன்' குறியும் அதுவே. ஆகவே, ஓடிக் களைத்தவர் வந்து தரிக்கும் இடமே வீடு. அங்கும் ஓட்டம்தான் என்றால், கூரை இருந்தும் நாம் வீடற்றவர்களே.

"எங்களுக்குப் பெரிய வீடு இல்லையே, அமைதிக்கு எங்கே போவது?" எனச் சில சகோதரிகள் கேட்கக்கூடும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் அறையை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது, ஸுஜூது செய்ய இடம் விடுவதற்காகப் படுத்திருக்கும் அன்னையவர்கள் தமது கால்களை மடக்கிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்குகள் இருக்கவில்லை என்றும் அவர்களே அறிவித்துள்ளார்கள். அவ்வளவு சிறிய அறையிலும் வஹீ இறங்கியது. விசாலம் சதுர அடியில் மட்டும் இல்லை.

அதே அறையில் நடந்த மற்றுமொரு நிகழ்ச்சி. ஒரு பக்கத்தில் உருவங்கள் கொண்ட திரையொன்று தொங்கியது. அது தொழுகையில் தமது கவனத்தைக் கலைப்பதாகக் கூறி, நபியவர்கள் அதனை அகற்றச் சொன்னார்கள். நமது வீட்டில் தொழும் பாய் விரிக்கும் இடத்துக்கு எதிரே என்ன இருக்கின்றது? அநேகமாகத் தொலைக்காட்சி. ஷோகேஸ் நிறையப் பொருட்கள், கதிரைகள் மீது மடிக்காத உடுப்புகள். ஒரு மூலையையாவது வெறுமையாக விடுங்கள். ஒரு பாய், ஒரு ரிஹால், ஒரு முஸ்ஹப் போதும். வீட்டில் கோபம் வந்தவர் போய் அமர்வதற்கும் அதுவே இடமாகட்டும்.

இடத்தைப் போன்றே நேரத்துக்கும் ஒழுங்கு வேண்டும். ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனம், ஸுபஹுக்கு முன்னர், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின்னர் ஆகிய மூன்று நேரங்களில் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி பெற்றே பெற்றோரிடம் செல்ல வேண்டும் எனக் கற்பிக்கின்றது. ஒரே குடும்பத்துக்குள்ளும் ஒருவரின் ஓய்வு மற்றவருக்கு அமானிதம் என்பதே இதிலுள்ள பாடம். கதவு இல்லாத அறையானாலும் திரைக்கு வெளியே நின்று ஸலாம் கூறப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

இனி, உழைத்துக் களைத்த தாயைப் பற்றி. திரிகை சுற்றிக் கை நொந்துபோன பாத்திமா (ரழி) அவர்கள் பணியாள் ஒருவரைக் கேட்டுத் தந்தையாரிடம் சென்றார்கள். அன்றிரவு நபியவர்களே மகளின் வீட்டுக்கு வந்து, உறங்கச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவைகள் ஓதும்படியும், அது பணியாளைவிடச் சிறந்தது என்றும் கற்றுக் கொடுத்தார்கள். இந்த ஹதீஸைப் பெண்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் ஆண்கள் சாய்ந்துகொள்வது நீதியாகாது. நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபடுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்ற அன்னை ஆயிஷாவின் அறிவிப்பும் ஸஹீஹுல் புகாரியிலேயே உள்ளது. சகோதரிகளே, இந்தப் பந்தியை உங்கள் கணவர்மாருக்கு வாசித்துக் காட்டுங்கள்!

மகளின் கேள்விக்குப் பின்னர் எமது வீட்டில் மூன்று மாற்றங்களைச் செய்தோம். மறுநாளைக்குரிய சீருடை, காலுறை, சப்பாத்து, புத்தகப்பை யாவும் இஷாவுக்கு முன்னரே வாசலருகில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதனைச் சரிபார்ப்பது எனது பொறுப்பு. மஃரிப் முதல் இஷா வரை வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளும் ஓர் ஓலைப்பெட்டிக்குள். முதலில் போடப்படுவது எனது தொலைபேசி. மூன்றாவது, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பேசுவதில்லை. பேச வேண்டியவர் எழுந்து அருகில் செல்ல வேண்டும். சத்தத்தில் பாதி இதனாலேயே குறைந்தது.

எல்லாம் சீராகிவிட்டது என்று கூறமாட்டேன். சென்ற வாரமும் ஒரு நாள் ஓலைப்பெட்டி வெறுமையாகவே கிடந்தது. அன்று நானும் குரலை உயர்த்தினேன். ஆனால் இப்போது வாசலில் நின்று ஸலாம் கூறிவிட்டு, ஒரு மூச்செடுத்து உள்ளே நுழையப் பழகியிருக்கின்றேன். ஸலாம் என்றால் சாந்தி. அதனை வாயால் கூறியவர் அடுத்த வார்த்தையிலேயே சண்டையைத் தொடங்குவது கடினம்.

இன்றிரவு ஒரேயொரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளின் காலுறைகளைத் தேடி எடுத்து வாசலில் வையுங்கள். நாளைக் காலையில் உங்கள் வீட்டில் எத்தனை குரல்கள் தணிகின்றன என்று பாருங்கள். நமது இல்லங்களில் அல்லாஹ் ஸகீனத்தை இறக்கி அருள்வானாக! ஆமீன்.